‘வலி இல்லை’ என்று எழுதிய ஒன்பது நாட்கள்

எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் புத்தகத்தில்தான், அதுவும் ஒரு நோயாளிக்கு ஒரு வரி. நாலு பேர் இருக்கும் இடத்தில் எழுந்து பேசச் சொன்னால் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன். புதிதாக நர்ஸ் வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் என்னைவிட அதிகம் படித்தவர்கள். உங்களுக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று பல மாதம் தள்ளிப்போட்டேன். போன வாரம் கண்ணைக் காட்ட ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, உங்களில் ஒரு பெண் ஒரு புற்றுநோய்க்காரரைப் பற்றி இன்னொரு பெண்ணிடம், “அவருக்கு வலி அவ்வளவா இல்லைக்கா, கேட்டா ஒண்ணும் சொல்றதில்லை” என்றாள். அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் அதையே சொன்னவள், ஒன்பது நாள் எழுதியும் வைத்தவள். வீட்டுக்கு வந்ததும் காகிதத்தை எடுத்துவிட்டேன். அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. மொரப்பூர் ரயிலடியிலிருந்து ஒரு மைல் தூரத்தில் இருபது கட்டில் போட்ட ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. ஒரு டாக்டர், பெரிய நர்ஸ் ஒருவர், நாங்கள் இரண்டு நர்ஸ்கள், வார்டு ஆயா முனியம்மா. வராந்தாக் கடிகாரம் ஓடினால் ஓடும், நின்றால் நிற்கும். எங்களுக்கு மணி சொன்னது ரயில்தான். மருந்து லேசில் கிடைக்காது. கட்டுத்துணியைக்கூடத் துவைத்து, காயப்போட்டு, கொதிக்க வைத்துத் திரும்பக் கட்டுவோம்.

வலிக்குப் போடும் ஊசியை டாக்டர் எழுதும்போது பக்கத்தில் ‘தேவைப்பட்டால்’ என்று ஒரு வார்த்தை போடுவார். எழுதிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். தேவையா இல்லையா என்று நாள் முழுக்கத் தீர்மானிப்பது நாங்கள். அந்த வார்த்தை எவ்வளவு கனமானது என்று அப்போது எனக்குத் தெரியாது.

வெள்ளையன் என்பவர் சித்தேரி மலைக்காரர். ஐம்பது, ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெற்றிலை புகையிலை போட்டுப் போட்டு வலது கன்னத்தில் புற்று வந்து, கன்னமே துளை விழுந்திருந்தது. பட்டணத்துக்கு அனுப்பிப் பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டது என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். அவருடைய மகள் குப்பாயிதான் ஆள் வைத்துத் தூக்கி மலையிறக்கி, அரூரில் கரிப்புகையில் ஓடும் பஸ் பிடித்துக் கொண்டுவந்து சேர்த்தாள். டாக்டர் சொன்னதைக் கேட்டு அவள் அழவில்லை.

“எங்கப்பனைப் பொழைக்க வைக்கச் சொல்லலீங்க. வலி இல்லாம வச்சாப் போதுங்க. காட்டு வேலை கெடக்குது, நான் வாரத்துக்கு ஒருக்கா வந்துருவேன்” என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாளே வெள்ளையன் கட்டிலில் உட்கார்ந்து, கொண்டுவந்த மூட்டையைப் பிரித்துப் புளிச்சை நாரை எடுத்தார். தொடையில் வைத்து உள்ளங்கையால் உருட்டி உருட்டிக் கயிறு திரிக்க ஆரம்பித்துவிட்டார். காலையில் புண்ணைக் கழுவிக் கட்டுவதற்கு முன்னால் அவருக்கு ஒரு ஊசி உண்டு. அதைப் போட்டபின் ஒரு மணி நேரம் படுத்திருப்பார். எழுந்து உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை கயிறுதான். கஞ்சியை இரண்டு மடக்குக் குடித்துவிட்டுத் தள்ளிவைப்பார். நான் ட்ரேயைத் தூக்கிக்கொண்டு அந்த வழியாகப் போகும்போதெல்லாம், “வலிக்குதுங்களா?” என்று கேட்பேன். “பரவால்லீங்க” என்பார். புத்தகத்தில் ‘வலி இல்லை’ என்று எழுதுவேன்.

எதிர்க்கட்டிலில் காரிமங்கலம் சந்தையில் புளி வியாபாரம் செய்கிறவர் ஒருவர், தொடையில் பெரிய கட்டியோடு படுத்திருந்தார். அவர் போட்ட சத்தத்தில் ரயில் வருவதுகூடச் சில நேரம் எங்களுக்குக் கேட்காது.

“ஐயோ! இங்க ஒருத்தன் சாவறான், கேக்க நாதியில்லீங்களா? டாக்டரய்யா வரட்டும், சொல்றேன்! பொதி மாட்டைக்கூட இப்படிப் போட மாட்டாங்க!”

டாக்டரிடம் சொல்லிவிடுவாரே என்று நான் பயந்து ஓடிப்போய் அவருக்கு ஊசி போடுவேன். சத்தம் அடங்கியதும் எனக்கே வலி போனதுபோல் இருக்கும். ஒரு நாள் அவர் வெள்ளையனைப் பார்த்து, “யோவ் மலைக்காரரே, உமக்கு இருக்கறது ஒடம்பா, கட்டையா? நான் இப்படிக் கத்தறேன், நீர் பாட்டுக்குக் கயிறு திரிக்கிறீரே!” என்றார்.

வெள்ளையன் தலையைத் தூக்காமல், நல்லாயிருந்த பாதி வாயால் சொன்னார்: “நீங்க கத்துங்க சாமி. எனக்கும் சேத்துக் கத்துங்க.”

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கும் ‘வலி இல்லை’ என்றுதான் எழுதினேன்.

பத்தாம் நாள் காலை, கட்டுத்துணி காயப்போடும் கொடி இற்று அறுந்துவிட்டது. ஈரத்துணி ஒரு கூடை நிறைய இருந்தது.

“மலைக்காரரு கட்டிலடியில சுருள் சுருளாக் கயிறு கெடக்குது. ஒண்ணு கேட்டு வாங்குங்கக்கா” என்றாள் முனியம்மா.

கேட்டேன். வெள்ளையன் கொஞ்சம் யோசித்தார். “இது மாட்டுக்குங்க. பரவால்லீங்க, முந்தாநேத்துத் திரிச்சது இந்தாங்க. நாரு இருக்குது, வேற திரிச்சுக்கிறேன்” என்று ஒரு சுருளை எடுத்துக் கொடுத்தார்.

சமையற்கட்டுத் தூணுக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் அதைக் கட்டினோம். முனியம்மா குடியானவர் வீட்டுப் பெண், கயிறு தெரிந்தவள். கையால் உருவிக்கொண்டே போனவள் நடுவில் நின்றுவிட்டாள்.

“ஏங்கக்கா, இது ஒரே ஆளு திரிச்சதுங்களா?”

“அவரேதான். ஏன்?”

“ரெண்டு ஆளு திரிச்சாப்பல இருக்குது. இங்க தொட்டுப் பாருங்க, பூவாட்டம் இருக்குது. இங்கேர்ந்து பாருங்க, கம்பி. முறுக்கு ஏறி ஏறித் தன்மேலயே சுருட்டிக்கிட்டு நிக்குது. இதைத் திரிச்சவன் யார் மேலயோ பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருக்கான்.”

நான் துணியை மறந்து அந்தக் கயிற்றை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிக்கொண்டு நடந்தேன். பிறகு திரும்பி நடந்தேன். அவர் திரிக்கத் தொடங்கிய முனை, அதாவது காலை ஊசிக்குப் பின்னால் வந்த பகுதி, மெத்தென்று ஒரே சீராக இருந்தது. சில முழம் தள்ளி இறுகத் தொடங்கியது. மீதி முழுவதும் கம்பி.

ஊசியின் வேகம் தீர்ந்தபின் வலிதான் இப்படி முறுக்கியிருக்குமோ என்று தோன்றியது. ஆனாலும் நிச்சயம் பண்ணிக்கொள்ளாமல் யாரிடமும் வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அன்று ஒவ்வொரு ரயில் போகும்போதும் ஏதோ வேலையாகப் போவதுபோல் அவர் கட்டிலுக்குப் போய், கயிறு வந்திருந்த இடத்தில் ஒரு கட்டுத்துணி நூலை முடிந்துவைத்தேன்.

“இதென்னங்க நர்சம்மா?”

“அடையாளங்க.”

“சரிங்க” என்றார். மறுபடி நாரை உருட்டத் தொடங்கினார்.

மாலையில் கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். காலை வண்டி முடிச்சுக்குப் பக்கத்தில் மெது. உச்சி வண்டி முடிச்சு வருவதற்கு முன்பே இறுக்கம். அங்கிருந்து நாலு மணி வண்டி, விளக்கு வைக்கும் நேரத்து வண்டி இரண்டு முடிச்சுகளையும் தாண்டி, விரலால் அழுத்த முடியாத கடினம். ஒரு நாளில் முக்கால்வாசி அந்த மனிதர் வாயைத் திறக்காமல் துடித்திருக்கிறார். நான் பத்தடி தள்ளி நின்று ‘வலி இல்லை’ என்று எழுதியிருக்கிறேன். முதல் நாளாவது பார்த்து எழுதினேன். பிறகெல்லாம் நேற்று எழுதியதைப் பார்த்து இன்று எழுதினேன். இதை உங்களிடம் மறைப்பதில் பயனில்லை.

பெரிய நர்ஸிடம் போய்ச் சொன்னேன். அவர் அதிகம் பேசமாட்டார், பேசினால் மிளகாய்ப்பொடி.

“ஒன்பது நாளும் நீதானே எழுதியிருக்கே?”

“ஆமாங்க. அவர் கேக்கவேயில்லீங்க. அதோட, ஊசி பழக்கமாயிடுமோன்னு...”

“அவருக்கு இருக்கற நாள்ல பழக்கம் வந்துதான் என்ன கெட்டுப்போவுது? நெசமாச் சொல்லு. அவருக்காகப் பயந்தியா, உன் மாமனை நெனச்சுப் பயந்தியா?”

பாப்பாரப்பட்டியில் என் தாய்மாமன் ஒருவர் அபின் தின்று, நிலத்தை விற்று, சந்தைத் திடலில் விழுந்துகிடந்தவர். சின்ன வயதில் அவரைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போவேன். அபினிலிருந்து எடுக்கும் அந்த ஊசி மருந்துக் குப்பியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு மாமா ஞாபகம் வரும். என்றைக்கோ ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னதைப் பெரிய நர்ஸ் நினைவில் வைத்திருந்தார். என் மாமனுக்கும் வெள்ளையனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தும் வெள்ளையனுடைய ஊசியை என் மாமன் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தார்.

“காலையில டாக்டர்கிட்ட நீயே சொல்லு” என்றார் பெரிய நர்ஸ். “நான் சொன்னா உடனே கேப்பாரு. ஆனா எழுதினவதான் அடிச்சு எழுதணும்.”

மறுநாள் டாக்டர் வார்டுக்கு வந்தபோது நான் நூல் முடிந்த அந்தக் கயிற்றை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் வேகமாக நடக்கிறவர். “என்னம்மா இது?” என்றார். கயிற்றை அவர் கையில் வைத்தேன்.

“இதுதாங்க எட்டாம் நம்பர் கட்டில் ரிப்போர்ட்டு. புத்தகத்துல நான் எழுதினது தப்புங்க.”

அவர் புரியாமல் பார்த்தார். பெரிய நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், உதவிக்கு வரவில்லை. நான் மெதுமெதுவாக, முடிச்சு முடிச்சாகச் சொன்னேன். டாக்டர் விரலால் கயிற்றை உருவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“இது எத்தனை மணி?”

“உச்சி வண்டி வர்றதுக்குக் கொஞ்சம் முன்னங்க.”

“அதுக்கப்புறம் மெத்துன்னு ஒரு இடமும் இல்லையா?”

“இல்லீங்க.”

“ஒன்பது நாள்” என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பேனாவை எடுத்து அவர் எழுதியிருந்த ‘தேவைப்பட்டால்’ என்பதை அவரே அடித்தார். அது என் தப்பு மட்டும் இல்லை என்று அவரும் நினைத்திருக்க வேண்டும். “உச்சிக்கு முன்னால ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. கேட்டாலும் கேக்காட்டாலும் போட்டுரு” என்றார். மருந்து இருப்பு குறைவு என்பதால், கட்டியைக் கீறியாகிவிட்ட புளி வியாபாரிக்கு இனி ஊசி வேண்டாம் என்றும் சொன்னார்.

“என் ஊசியைப் புடுங்கி மலைக்காரருக்குக் குடுத்துட்டாங்கப்பா!” என்று எதிர்க்கட்டிலிலிருந்து சத்தம் வந்தது.

அத்தோடு நல்லபடி முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. உச்சிக்கு முன் ஊசி போட்டதும் வெள்ளையன் படுத்தவர், நாலு மணி வண்டி கூவியபோதுதான் கண் விழித்தார். அவசரமாக எழுந்து நாரைத் தேடினார். அவர் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

“இந்த ஊசி வேண்டாங்க நர்சம்மா. கை தூங்கிப் போவுது. ஒரு பகலே போயிருச்சு.”

வழக்கமாக நான் நின்றபடி ஏதாவது சமாதானம் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அன்று என்னவோ, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்த வார்டில் நோயாளிக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“யாருக்குங்க இந்தக் கயிறு?”

அவர் பேசுவதற்குக் கஷ்டப்பட்டார். விட்டு விட்டுச் சொன்னார். வீட்டில் ஒரு சோடிக் காளைக்கன்றுகள் இருக்கின்றன. முதல் மழைக்குச் சாமை விதைக்க, இந்த வருஷம்தான் அவற்றைப் புதிதாக ஏரில் பூட்ட வேண்டும். மருமகன் பட்டாளத்துக்குப் போனவன், கடுதாசி வந்து வெகுநாளாகிறது. “குப்பாயி ஒண்டி ஆளுங்க. ஏர் புடிக்கறதும் அவளே, மாடு பழக்கறதும் அவளே. நுகத்துல கழுத்தைப் பூட்டற பூட்டாங்கயிறு நல்லா அமைஞ்சிட்டா, கன்னுங்க மெரளாம நிக்கும். அதையாவது நான் பண்ணிக் குடுத்துரணும். மழைக்கு இன்னும் பத்து நாளு, பதினஞ்சு நாளுதாங்க.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் வலியைப் பொறுத்துக்கொண்டது பிடிவாதத்தினால் இல்லை. ஒவ்வொரு ஊசியும் அவருக்கு ஒரு முழக் கயிறு நஷ்டம்.

நான் எழுந்துபோய்க் கொடியில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தேன். முறுக்கேறிய பகுதியை அவர் கையில் வைத்தேன்.

“இதைக் கன்னு கழுத்துல பூட்டலாங்களா?”

தடவினார். இன்னொரு கையாலும் தடவினார். “பூட்டக்கூடாதுங்க. கழுத்தை அறுத்துப்புடும். ரத்தம் பாத்தா மறுபடி கன்னு நுகத்தடிக்கே வராது. எவன் திரிச்சான் இதை?”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். கட்டிலடியில் கிடந்த மற்றச் சுருள்களைக் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து உருவிப் பார்த்தார்.

“திரிக்கறப்பத் தெரியலீங்க” என்றார் கடைசியில்.

“அவ்வளவு வலிச்சுதுங்களா?”

“இருந்துதுங்க.”

“தெனமும் கேட்டேனே!”

“கேட்டீங்க. நடந்துகிட்டே கேட்டீங்க. ஓடறவங்களை நிறுத்தி என்னத்தைச் சொல்றது?”

அவர் குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். இத்தனை வருஷத்தில் எந்த டாக்டர் திட்டியதும் எனக்கு ஞாபகமில்லை. இது மறக்கவில்லை.

டாக்டரிடம் திரும்பிப் போனேன். ஒரே வாரத்தில் அவரிடம் இரண்டாம் தடவை நானாகப் பேசினேன். “தூங்கிடறாருங்க. பாதியாக் குறைச்சு, வலி ஏறறதுக்கு முன்னாலயே போட்டா என்னங்க?” டாக்டர், “போட்டுப் பாரு. கயிறு என்ன சொல்லுதுன்னு சாயங்காலம் சொல்லு” என்றார்.

இரண்டு நாள் நேரத்தை முன்னே பின்னே தள்ளிப் பார்த்தோம். மூன்றாம் நாள் மாலை கயிற்றை உருவினேன். எங்கே தொடங்கினார், எங்கே முடித்தார் என்று கண்டுபிடிக்க முடியாத ஒரே மெது. முனியம்மாவைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். “இது ஒரே ஆளு” என்றாள். அன்று வெள்ளையன் ஒரு கிண்ணம் கஞ்சியை மிச்சமில்லாமல் குடித்திருந்தார்.

அதன்பின் வேலை வேகமாக நடந்தது. மூன்று புரியைச் சேர்த்து முறுக்கும்போது மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். எதிர்க்கட்டிலிலிருந்து புளி வியாபாரி நொண்டிக்கொண்டே எழுந்து வந்தார். “குடும்யா இங்க. மூட்டை கட்டறவன் நான், எனக்குத் தெரியாத கயிறா? என் ஊசியத்தான் புடுங்கிக்கிட்டீர், வேலையையாவது குடும்.”

“கத்தாம புடிச்சா போதுங்க சாமி” என்றார் வெள்ளையன்.

குப்பாயி அடுத்த முறை வந்தபோது தகப்பனார் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து அவளோடு பேசினார். இரண்டு பூட்டாங்கயிறு, இரண்டு மூக்கணாங்கயிறு, நீளமாக ஒரு வடக்கயிறு எல்லாம் தயாராக இருந்தன. அவள் கயிற்றைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்தாள். “வூட்டுக்குப் போலாங்களாப்பா?” என்று கேட்டாள். போகலாம் என்றார்.

ஊசிக்குப் பதிலாக வாயால் குடிக்கும் மருந்தை டாக்டர் ஒரு புட்டியில் கொடுத்தார். மலையில் கடிகாரமும் இல்லை, ரயிலும் இல்லை. காலை வெயில் வாசல்படி ஏறும்போது, உச்சியில், மாடு திரும்பும்போது, படுக்கும்போது என்று நான் சொல்லிக்கொடுத்தேன். “அவர் கேக்கட்டும்னு காத்திருக்காதே. வலி வந்தபின்னாடி குடுக்காதே, வர்றதுக்கு முன்னாடி குடு. அவர் சொல்லாட்டி கையில நாரைக் குடுத்துப் பாரு.” அவளுக்கு அது உடனே புரிந்தது. எனக்குத்தான் பத்து நாள் ஆனது.

வெள்ளையன் அந்த வருஷம் சாமை அறுப்பு வரைக்கும் இருந்தார் என்று குப்பாயி பிற்பாடு வந்தபோது சொன்னாள். கடைசி வாரம் வரை கையில் நார் இருந்ததாம்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அமைதியாக இருக்கிறவரை வலியில்லாதவர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சத்தம் போடுகிறவரை வெறுக்கவும் வேண்டாம், அவருக்கும் வலிதான். குப்பியைக் கையில் எடுக்கும்போது உங்கள் கையைப் பிடிப்பது யார் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். என் கையைப் பிடித்தவர் பாப்பாரப்பட்டி மாமன். ஸ்டூல் எல்லா வார்டிலும் இருக்கிறது. எல்லாருக்கும் கயிறு திரிக்கத் தெரியாது, ஆனால் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றில் காட்டிவிடுகிறார்கள். ஒருவர் போர்வை ஓரத்தைக் கசக்குவார், ஒருவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். உட்கார்ந்தால்தான் அது கண்ணில் படும்.

குப்பாயி அவரைக் கூட்டிக்கொண்டு போன நாள் நல்ல வெயில். நல்ல கயிறெல்லாம் அவள் மூட்டையில் போயிற்று, முறுக்குக் கயிறுகளை எங்களுக்கு விட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை அந்த வருஷத்து முதல் மழை பிடித்துக்கொண்டது. அந்த முறுக்குக் கயிற்றை வார்டுக்குள் சுவருக்குச் சுவர் கட்டி, கட்டுத்துணிகளை அதில் காயப்போட்டோம்.